ஒட்டுக்கேட்பவரைக் கட்டிப்போட்ட 18 பைட்டுகள்

ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கிறேன்.

டிஎன்எஸ் செய்தி ஒன்றின் தலைப்பகுதிக்கு 12 பைட். அதை ஒட்டி, கேட்கப்படும் பெயர் வரவேண்டிய இடத்தில் இரண்டே பைட்: 192, 12. அப்புறம் கேள்வியின் வகைக்கு 2 பைட், வகுப்புக்கு 2 பைட். மொத்தம் 18. இதன் மேல் யூடிபி உறை 8, ஐபி உறை 20, ஈதர்நெட் உறை 14. கூட்டினால் 60 பைட். கடைசியில் ஒட்டும் 4 பைட் சரிபார்ப்பு எண்ணை விட்டுவிட்டால், ஈதர்நெட்டில் போகக்கூடிய மிகச் சிறிய சட்டமே 60 பைட்தான். இதைவிடச் சின்னதா ஒரு பாக்கெட் அந்தக் கம்பியில் போகவே முடியாது.

2000-ஆம் ஆண்டு வாக்கில், இந்த மாதிரி ஒரே ஒரு பாக்கெட் ஒரு நெட்வொர்க்கைக் கண்காணித்துக்கொண்டிருக்கும் மென்பொருளை அப்படியே நிறுத்திப்போடப் போதுமானதாக இருந்தது. யாருக்கு அனுப்பினோம் என்பது முக்கியமில்லை. அந்தக் கம்பி வழியாகப் போனால் போதும். எங்கேயோ ஒரு மூலையில் டிசிபிடம்ப் ஓடிக்கொண்டிருந்தால் அது இந்தப் பாக்கெட்டைப் படிக்கும். படிக்க ஆரம்பித்தால் முடிக்காது. செக்குமாடு மாதிரி அதே இடத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இந்தப் பலவீனத்தின் பதிவு எண் சிவிஇ-2000-0333. விவரிப்பு ஒரே வாக்கியம். டிசிபிடம்ப், எத்திரியல் போன்ற ஒட்டுக்கேட்கும் மென்பொருள்களை, தன்னையே சுட்டும் டிஎன்எஸ் பெயர் ஒன்றால் முடிவில்லாத சுற்றில் மாட்டிவிடலாம் என்கிறது. பழைய பலவீனப் பட்டியல்களை மேய்ந்துகொண்டிருந்தபோது இது கண்ணில் பட்டது. முதலில் "அட, சின்ன பிழைதானே" என்று தாண்டிப் போயிட்டேன். பிறகு திரும்பி வந்து காகிதத்தில் அந்த 18 பைட்டையும் எழுதிப் பார்த்தேன். அதிலிருந்து பிடித்த நூல்தான் இந்தக் கட்டுரை.

கேட்பது மட்டும்தானே

நெட்வொர்க் பழகிய காலத்தில் என் மனதில் ஒரு நம்பிக்கை இருந்தது. சர்வர் என்றால் ஆபத்து. அது போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு "வாங்க வாங்க" என்று நிற்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து தட்டலாம். ஆனால் டிசிபிடம்ப் அப்படி இல்லையே. அது எந்தப் போர்ட்டையும் திறப்பதில்லை, யாருக்கும் பதில் சொல்வதில்லை. ஓரமாக உட்கார்ந்து போகிறது வருகிறதைப் பார்க்கிறது. திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிற தாத்தாவுக்கு என்ன ஆபத்து?

இந்த நம்பிக்கை தப்பு என்பது யோசித்தால் உடனே புரியும். ஆனால் நான் யோசிக்கவில்லை. நான் மட்டும் இல்லை, அந்தக் காலத்து நிர்வாகிகள் பலருக்கும் இந்த எண்ணம்தான் இருந்திருக்கும்.

டிசிபிடம்ப் 1980-களின் கடைசியில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் பிறந்தது. வான் ஜேக்கப்சன், கிரெய்க் லெரெஸ், ஸ்டீவன் மெக்கேன் மூவரும் எழுதினார்கள். டிசிபி ஏன் நெரிசலில் திணறுகிறது என்று பார்க்க வேண்டும் என்றால், கம்பியில் என்னதான் ஓடுகிறது என்று முதலில் கண்ணால் பார்க்கணும் இல்லையா? அப்படி வந்த ஆய்வுக் கருவி இது. அந்தக் காலத்து இணையத்தில் பாக்கெட்டுகள் பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடு அனுப்பப்பட்டவை. தப்பாக ஒரு பாக்கெட் வந்தால் அது யாரோ ஒருத்தர் நிரல் எழுதும்போது பண்ணிய பிழை. வேணும்னே ஒருத்தர் அனுப்புவார் என்பது வடிவமைப்பின் கேள்விகளில் ஒன்றாக இருந்ததாகத் தெரியவில்லை.

எத்திரியல் பத்தாண்டுகள் கழித்து வந்தது. கான்சாஸ் சிட்டியில் ஒரு சின்ன இணைய நிறுவனத்தில் வேலை பார்த்த ஜெரால்ட் கோம்ப்ஸ் 1997 கடைசியில் எழுத ஆரம்பித்து 1998 ஜூலையில் முதல் பதிப்பை வெளியிட்டார். விலைக்கு விற்ற கருவிகள் அவர் கைக்கு எட்டாத விலை. அவர் பயன்படுத்திய சோலாரிஸ், லினக்ஸ் கணினிகளில் அவை ஓடவும் இல்லை. எனவே தானே எழுதினார். பிறகு உலகம் முழுக்க ஆர்வலர்கள் சேர்ந்துகொண்டு, ஆளுக்கொரு நெறிமுறையைப் பிரித்துப் படிக்கும் துண்டு நிரலை எழுதிக் கொடுத்தார்கள். 2006-இல் வணிகப் பெயர் உரிமைச் சிக்கலால் பெயர் மாறியது. இன்று நாம் அறிந்த வயர்ஷார்க் அதுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். டிஎன்எஸ் சர்வருக்கு டிஎன்எஸ் மட்டும் புரிந்தால் போதும். அஞ்சல் சர்வருக்கு அஞ்சல் மட்டும். ஆனால் ஒட்டுக்கேட்பவருக்கு எல்லா மொழியும் புரிய வேண்டும். ஒவ்வொரு மொழியும் ஒரு துண்டு நிரல். ஒவ்வொரு துண்டு நிரலும், யார் எழுதினார்கள் என்றே தெரியாத தரவை நம்பி வாசிக்கும் ஒரு வாசல். போர்ட் எதையும் திறக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த கருவிதான், உண்மையில் அந்தக் கணினியிலேயே அதிக வாசல்களைத் திறந்து வைத்திருந்தது. போதாக்குறைக்கு, கம்பியில் போவதை எல்லாம் பிடிக்க அனுமதி வேண்டும் என்பதால் ரூட் அதிகாரத்தோடு ஓடிக்கொண்டிருந்தது.

"மேலே பார்க்க" என்று எழுதிய பெயர்

இப்போ அந்த 192, 12-க்கு வருவோம்.

டிஎன்எஸ் நெறிமுறையின் விதிகள் 1987 நவம்பரில் ஆர்எஃப்சி 1035 என்ற ஆவணமாக வந்தன. எழுதியவர் பால் மொக்கபெட்ரிஸ். அன்று ஒவ்வொரு பைட்டும் காசு. யூடிபி வழியாகப் போகும் டிஎன்எஸ் செய்தி 512 பைட்டைத் தாண்டக்கூடாது. ஒரே பெயர் ஒரு பதிலில் நாலைந்து தடவை வரும். ஒவ்வொரு தடவையும் முழுசாக எழுதினால் இடம் வீணாகும். எனவே ஒரு சுருக்க முறை வைத்தார்கள்.

முறை எளிது. சாதாரணமாகப் பெயரின் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளம் ஒரு பைட்டில் வரும். நீளம் 63-ஐத் தாண்டக்கூடாது. அந்த பைட்டின் மதிப்பு 192 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது நீளம் இல்லை, ஒரு சுட்டி. அதில் மிச்சமிருக்கும் பிட்டுகளையும் அடுத்த பைட்டையும் சேர்த்தால் ஒரு இட எண் கிடைக்கும். "மீதிப் பெயர் இந்தச் செய்தியில் அந்த இடத்தில் இருக்கு, போய்ப் பார்" என்று அர்த்தம். நம்ம ஊர் கணக்கு நோட்டில் "மேற்படி" என்று எழுதுவோமே, அதே கதைதான்.

தலைப்பகுதி 12 பைட் என்பதால், கேள்வியில் வரும் பெயர் எப்போதும் இட எண் 12-இல்தான் ஆரம்பிக்கும். எனவே பதிலில் அதே பெயரைச் சொல்ல 192, 12 என்று போட்டால் போதும். டிஎன்எஸ் பாக்கெட்டுகளைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டு பைட்டும் அவ்வளவு பழக்கம். உலகத்தில் ஒவ்வொரு நொடியும் எண்ணிக்கையே இல்லாமல் பறந்துகொண்டிருக்கும் ஜோடி அது. பதில் பகுதியில் இருந்தால் அதைவிடச் சாதுவான ஜோடி கிடையாது.

அதே ஜோடியைத் தூக்கி இட எண் 12-லேயே வைத்தால்?

மென்பொருள் 12-ஆம் இடத்துக்கு வருகிறது. அங்கே "12-ஆம் இடத்துக்குப் போ" என்று எழுதியிருக்கிறது. போகிறது. அங்கே மறுபடியும் "12-ஆம் இடத்துக்குப் போ". நோட்டின் முதல் வரியிலேயே "மேற்படி" என்று எழுதினால் என்ன ஆகும்? மனிதன் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சிரிப்பான். மென்பொருளுக்கு சிரிக்கத் தெரியாது. திரையில் ஒரு எழுத்துகூட வராது. பிழைச் செய்தியும் கிடையாது. மையச் செயலி முழு வேகத்தில் சுழலும்.

விதியில் இதற்கு இடமே இல்லை என்பதுதான் வேடிக்கை. சுட்டி, முன்னால் ஏற்கெனவே வந்த பெயரைக் காட்ட வேண்டும் என்றுதான் 1987 ஆவணம் சொல்கிறது. தன்னையே காட்டுவது விதிமீறல். ஆனால் விதியை மீறினால் என்ன செய்வது என்று அந்த இடத்தில் சொல்லவில்லை. படிக்கும் நிரலை எழுதியவர், அனுப்பியவர் விதிப்படிதான் அனுப்பியிருப்பார் என்று நம்பிவிட்டார். ஆக, விதி இருந்தும் அதைக் கேட்டுப் பார்க்க ஆள் இல்லை.

இன்னொரு சின்ன விவரமும் கண்ணில் பட்டது. அந்தக் காலத்து டிசிபிடம்ப் ஒரு பாக்கெட்டின் முதல் 68 பைட்டை மட்டும்தான் இயல்பாகப் பிடிக்கும். மீதியை விட்டுவிடும். டிஎன்எஸ் செய்திகள் பல இதனால் பாதியில் அறுந்துபோகும் என்று கையேடே எச்சரித்தது. நம்ம பாக்கெட் 60 பைட். அறுபடாமல் முழுசாக உள்ளே போய்விடும்.

வெறும் நின்றுபோதல்தானா?

பாதுகாப்புத் துறையில் பலவீனங்களுக்கு ஒரு மரியாதை வரிசை உண்டு. தாக்குபவர் தன் நிரலையே நம் கணினியில் ஓட்ட முடிந்தால் அது பெரிய பலவீனம். மென்பொருள் நின்றுபோகிறது, அவ்வளவுதான் என்றால் "சேவை மறுப்பு" என்று முத்திரை குத்திக் கீழே தள்ளிவிடுவோம். திரும்ப ஓட்டினால் சரியாப் போச்சு!

ஒரு சொல் திருத்தி நின்றுபோனால் இந்த வாதம் சரி. காவலுக்கு வைத்தது நின்றுபோனால்? வாசலில் இருக்கும் காவலாளிக்கு அரைமணி நேரம் மயக்கம் வந்தது, பிறகு தெளிந்துவிட்டது, நகை எதுவும் அவர் சட்டைப்பையிலிருந்து போகவில்லை என்றால், "ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்வோமா? அந்த அரைமணி நேரத்தில் வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதல்லவா கேள்வி?

இதை 1998-லேயே இரண்டு ஆய்வுகள் தெளிவாகச் சொல்லிவிட்டன. ஒன்று, தாமஸ் டாசெக்கும் திமோதி நியூஷமும் ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை. ஊடுருவலைக் கண்டுபிடிக்கும் கருவிகளை ஏமாற்றுவது எப்படி, தப்பிப்பது எப்படி, முடக்குவது எப்படி என்று மூன்றாகப் பிரித்து எழுதினார்கள். அவர்கள் வாதத்தில் முக்கியமான ஒரு இழை: கண்காணிக்கும் கருவி விழுந்தால் நெட்வொர்க் நிற்பதில்லை. சுவர்த்தடுப்பு விழுந்தால் போக்குவரத்தும் நின்றுபோகலாம், உடனே தெரிந்துவிடும். கண்காணிப்பு விழுந்தால் எல்லாம் வழக்கம்போல ஓடும், பார்க்க மட்டும் ஆள் இருக்காது.

இன்னொன்று, அதே மாதம் சான் அன்டோனியோவில் நடந்த யூஸ்நிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் வெர்ன் பாக்சன் படித்த கட்டுரை. அவர் கட்டிய ப்ரோ என்ற கண்காணிப்பு அமைப்பைப் பற்றியது; 2018-இல் ஜீக் என்று பெயர் மாறியது. டிசிபிடம்ப் பிறந்த அதே பெர்க்லி ஆய்வகம்தான் ப்ரோவுக்கும் பிறந்த வீடு. கண்காணிப்பவர் மீதே நடக்கும் தாக்குதல்களைப் பாக்சன் மூன்றாக வகுத்தார்: வேலைப் பளுவை ஏற்றித் திணறடிப்பது, விழ வைப்பது, தவறாகப் புரிந்துகொள்ள வைப்பது.

விழ வைப்பதற்கு அவர் சொன்ன மாற்று ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ப்ரோவுக்குள் ஒரு காவல் கடிகாரம் அவ்வப்போது விழித்துப் பார்க்கும். போன தடவை பார்த்தபோது கையில் இருந்த அதே பாக்கெட்டோடுதான் ப்ரோ இன்னும் மல்லுக்கட்டுகிறது என்றால், ஏதோ கோளாறு என்று ஓட்டத்தை நிறுத்திவிடும். நின்றதும், ப்ரோவை ஓட்டும் வெளி நிரல் உடனே டிசிபிடம்பைக் கிளப்பிவிட்டு, வரும் பாக்கெட்டுகளை எல்லாம் அப்படியே கோப்பில் பதிவு செய்ய வைக்கும். பிறகு ஆற அமர ஆராயலாம்.

என்னடா இது, டிசிபிடம்பையும்தான் ஒரு பாக்கெட்டில் கவிழ்க்கலாமே என்று முதலில் எனக்குத் தோன்றியது. அப்புறம்தான் உறைத்தது. கோப்பில் பதிவு செய்யும்போது டிசிபிடம்ப் பாக்கெட்டைப் பிரித்துப் படிப்பதே இல்லை. வந்த பைட்டுகளை அப்படியே எழுதிவிடுகிறது. படிக்காதவரை அந்த 18 பைட்டுக்கு விஷம் கிடையாது. பிடிப்பது வேறு, படிப்பது வேறு. இந்த வித்தியாசம் கதையில் மறுபடியும் வரும்.

நீளம் பூஜ்ஜியம்

டிஎன்எஸ் சுட்டிக்கு மருந்து கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. டிசிபிடம்பின் பின்னாளைய நிரலில் பார்த்தால் இரண்டு சோதனை இருக்கிறது. சுட்டி எப்போதும் பின்னோக்கித்தான் போகணும். இல்லையென்றால் கெட்ட சுட்டி என்று எழுதிவிட்டு விலகு. இதுவரை படித்த பைட்டுகளின் எண்ணிக்கை பாக்கெட்டின் அளவையே தாண்டிவிட்டதா? அப்படியென்றால் சுற்றுகிறோம்; நிறுத்து. எத்திரியலும் இதே மாதிரி எண்ணிப் பார்த்து, பெயரில் சுற்றும் சுட்டி இருக்கிறது என்று திரையில் காட்டியது. சில வரிகள்தான். விஷயம் முடிந்தது.

முடிந்ததா? இல்லை. அந்த நோயின் ஒரு முகம்தான் டிஎன்எஸ்.

ஒரு வருடம் முன்னால், 1999-இல், டிசிபிடம்ப் 3.4-இல் இன்னொன்று கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஐபி தலைப்பகுதியிலேயே அதன் நீளம் எழுதியிருக்கும். அதைப் பூஜ்ஜியம் என்று எழுதி அனுப்பினால் டிசிபிடம்ப் சுற்ற ஆரம்பித்துக் கடைசியில் விழுந்துவிடும். 2003-இல் ரேடியஸ் நெறிமுறையைப் படிக்கும் பகுதியில் இதே கதை: நீளம் பூஜ்ஜியம், முடிவில்லாச் சுற்று. அதே ஆண்டு ஐசக்கேஎம்பி பாக்கெட் ஒன்று. விபிஎன் இணைப்புகள் சாவி பரிமாறிக்கொள்ளும் யூடிபி 500 போர்ட்டுக்கு அனுப்பினால் போதும். 2005-இல் ஆர்எஸ்விபி, 4 பைட் நீளமுள்ள பாக்கெட். கூடவே பிஜிபி, எல்டிபி.

ஒவ்வொன்றும் வேறு வேறு நெறிமுறை, வேறு வேறு கோப்பு. ஆனால் தவறு ஒன்றேதான். இப்படி நினைத்துப் பாருங்க. ரயில் பெட்டிகளை எண்ணுகிறோம். ஒவ்வொரு பெட்டியிலும் "என் நீளம் இவ்வளவு, அவ்வளவு தூரம் நடந்தால் அடுத்த பெட்டி" என்று எழுதியிருக்கு. ஒரு பெட்டியில் நீளம் 0 என்று எழுதியிருந்தால், பூஜ்ஜியம் அடி நடந்து, அதே பெட்டி முன்னால் நின்று, மறுபடி அதையே படித்து, மறுபடி பூஜ்ஜியம் அடி நடப்போம். எவ்வளவு நகர்வது என்ற முடிவை நாம் எடுக்காமல் எதிராளியின் கையில் கொடுத்துவிட்டோம். டிஎன்எஸ் சுட்டியிலும் நடந்தது இதேதான்.

பிழையே இல்லாமலும் முடக்கலாம்

2003-இல் கதை இன்னொரு திசையில் திரும்பியது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் கிராஸ்பியும் டான் வாலக்கும் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் ஒரு கட்டுரை படித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட இலக்குகளில் ஒன்று பாக்சனின் ப்ரோ. அதுவும், தாக்குதலை எதிர்பார்த்தே கட்டப்பட்ட அமைப்பு!

ப்ரோ தான் பார்த்த முகவரிகளையும் போர்ட்டுகளையும் ஹாஷ் அட்டவணையில் வைத்துக்கொள்ளும். தபால் நிலையத்தில் பின்கோடு வாரியாகப் பிரித்துப் போட அறைகள் வைத்த அலமாரி இருக்குமே, அந்த மாதிரி. கடிதங்கள் எல்லா அறைகளிலும் பரவலாக விழும்போது தேடல் வேகமாக நடக்கும். ஆனால் எந்தக் கடிதம் எந்த அறைக்குப் போகும் என்ற கணக்கு ஊருக்கே தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்டு எல்லாக் கடிதங்களும் ஒரே அறையில் போய் விழும்படி முகவரிகளைப் பொறுக்கி எடுத்து அனுப்பினால்? ஒவ்வொரு புதுக் கடிதத்துக்கும் அந்த ஒரே குவியலைக் கடைசி வரை புரட்டணும்.

சாதாரண டயல்-அப் மோடத்தைவிடக் குறைந்த வேகத்தில்தான் பாக்கெட்டுகளை அனுப்பினார்கள். ஆறு நிமிடத்தில் ப்ரோ சர்வரின் மையச் செயலி முழுவதும் தீர்ந்து, வரும் பாக்கெட்டுகளில் 71 சதவீதம் வரை பார்க்காமலே கைவிட்டது. நிரலில் எந்த வரியும் தப்பில்லை. சுற்று முடிவில்லாததும் இல்லை. முடியும், ஆனால் நேரத்துக்கு முடியாது. காவல் கடிகாரத்துக்கும் இது தெரியாது, ஏன் என்றால் ஒவ்வொரு பாக்கெட்டும் கொஞ்சம் தாமதமாக முடிந்துகொண்டுதான் இருக்கிறது.

அடுத்த ஆண்டு, 2004 மார்ச். கண்காணிக்கும் கருவிகளில் உள்ள ஓட்டை "வெறும் நின்றுபோதல்" என்ற எல்லையோடு நிற்காது என்று உலகமே பார்த்தது. ஐஎஸ்எஸ் நிறுவனத்தின் பிளாக்ஐஸ், ரியல்செக்யூர் போன்ற பாதுகாப்பு மென்பொருள்களுக்குள் நெறிமுறைகளைப் பிரித்துப் படிக்கும் ஒரு பகுதி இருந்தது. அதில் ஐசிக்யூ அரட்டைச் செய்தியைப் படிக்கும் துண்டில் ஓட்டை. மார்ச் 18 அன்று செய்தி வெளியானது. மறுநாள் அமெரிக்க நேரப்படி இரவில் விட்டி என்ற புழு கிளம்பியது. சுமார் 45 நிமிடத்தில் ஏறக்குறைய 12,000 கணினிகளைப் பிடித்தது. பிடித்த கணினியின் வன்தட்டில் கண்டபடி எழுதி அதையே அழித்தது. பாதிக்கப்பட்டவர்கள் ஐசிக்யூ பயன்படுத்தினார்களா என்பதே கேள்வி இல்லை. பாதுகாப்பு மென்பொருள் போட்டிருந்தார்கள், அது எல்லாவற்றையும் படித்தது, அதுவே காரணம்.

மூன்று விதமான திருத்தம்

இந்த வரலாற்றில் யாராவது சும்மா இருந்தார்களா என்றால், இல்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பாடம் படித்தார்கள்.

ஓபன்பிஎஸ்டி குழு கோபக்காரர்கள். எத்திரியலில் ஓட்டைகள் தொடர்ந்து வந்துகொண்டே இருந்ததால், 2004-இல் 3.6 பதிப்புக்கு முன்பு, தங்கள் தொகுப்பிலிருந்தே அதைத் தூக்கிவிட்டார்கள். கேட்க வன்மையாக இருக்கு. ஆனால் ரூட் அதிகாரத்தோடு ஓடி, யார் அனுப்பியதையும் படிக்கும் நிரலைப் பார்த்து ஒரு பாதுகாப்புக் குழு பயப்பட்டதில் நியாயம் உண்டு.

எத்திரியல் குழு கட்டமைப்பை மாற்றிக்கொண்டே வந்தது. 2000-இல் கில்பர்ட் ராமிரெஸ் ஒரு பாதுகாப்பு அடுக்கைக் கொண்டுவந்தார். அதன்பிறகு துண்டு நிரல்கள் பாக்கெட்டை நேரடியாகத் தொடாமல் அந்த அடுக்கிடம் கேட்டு வாங்கும். பாக்கெட்டின் எல்லையைத் தாண்டிக் கேட்டால் அது மறுத்துவிடும். திரையில் "சிதைந்த பாக்கெட்" என்று வரும். அருமையான யோசனை. ஆனால் ஒன்று: நம்ம 192, 12 எல்லையைத் தாண்டவே இல்லையே! முறையாக உள்ளேயே சுற்றுகிறது. எல்லைக் காவல் சுற்றைப் பிடிக்காது. அதனால்தான் வயர்ஷார்க்கின் பாதுகாப்பு அறிக்கைகளில் "முடிவில்லாச் சுற்று" என்ற சொல் பிறகும் பல ஆண்டுகள் வந்துகொண்டே இருந்தது. ஒரு பாக்கெட்டின் விளக்க மரத்தில் 10 லட்சம் கிளைகளுக்கு மேல் முளைத்தால் சுற்றாக இருக்கலாம் என்று நிறுத்தும் வரம்பு பின்னர் வந்தது. கிளையே முளைக்காமல் சுற்றினால் அந்த வரம்புக்கும் தெரியாது.

மூன்றாவது திருத்தம் பாக்சன் 1998-இல் தொட்ட அதே வித்தியாசம். வயர்ஷார்க் பிடிக்கும் வேலையை டம்ப்கேப் என்ற சின்ன நிரலிடம் தனியாகக் கொடுத்தது. அதிகாரம் அதுக்கு மட்டும். அது எதையும் பிரித்துப் படிக்காது. பிரித்துப் படிக்கும் பெரிய பகுதிக்கு அதிகாரம் வேண்டாம். ரூட்டாக வயர்ஷார்க்கைத் திறந்தால் "இது ஆபத்து" என்று அதுவே எச்சரிக்கும். டிசிபிடம்பும் பிடிக்க ஆரம்பித்ததும் தன் அதிகாரத்தைக் கீழே போட்டுவிட்டுச் சாதாரண பயனராக மாறும் வசதியைப் பெற்றது. ஓட்டை இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டு, அது எவ்வளவு தூரம் கெடுக்க முடியும் என்பதைக் குறைக்கும் வழி இது.

ஓட்டைகள் இருக்கத்தான் செய்தன. தானியங்கியாகத் தாறுமாறான பாக்கெட்டுகளை உருவாக்கித் திணித்துச் சோதிக்கும் கருவிகள் வளர்ந்த பிறகு பழையவை மொத்தமாக வெளியே கொட்டின. 2017 ஜனவரியில் வந்த டிசிபிடம்ப் 4.9.0 ஒரே மூச்சில் 41 பலவீனங்களைச் சரிசெய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 4.9.2, சுமார் 90. முப்பது வயது நிரல் அது. அதைப் பராமரித்தவர்கள் ஒரு சிறு குழு. உலகத்தின் நெட்வொர்க் நிர்வாகிகள் எல்லாரும் நம்பிய கருவிக்கு இவ்வளவு சின்ன கைகள்தான் தாங்கல் என்பதை நான் இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும்போதுதான் சரியாக உணர்ந்தேன். பிழைகளைப் பட்டியலிடும்போது கேலி செய்யத் தோன்றும். எழுதிக் கொடுத்தவர்களில் பலர் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதவில்லை, நாமோ இலவசமாகவே வாங்கிக்கொண்டோம் என்பதையும் பக்கத்தில் எழுதி வைக்கணும்.

மறுபடி அதே மேற்படி

முடிக்கும் முன் 2021-க்கு வந்தாக வேண்டும். அந்த ஏப்ரலில் ஃபோர்ஸ்கவுட், ஜேஎஸ்ஓஎஃப் என்ற இரண்டு நிறுவனங்களின் ஆய்வாளர்கள் ஒன்பது பலவீனங்களை வெளியிட்டார்கள். ஃப்ரீபிஎஸ்டி, நியூக்ளியஸ் உட்பட நான்கு நெட்வொர்க் அடுக்குகளில் அவை இருந்தன. இந்த அடுக்குகள் ஓடுவது சர்வர்களில் மட்டுமில்லை. மருத்துவ உபகரணம், தொழிற்சாலைக் கருவி, அச்சுப்பொறி என்று நாம் கணினி என்றே நினைக்காத பொருள்களிலும் ஓடுகின்றன. ஒன்பதில் பெரும்பாலானவை எதில் தெரியுமா? டிஎன்எஸ் பெயர்ச் சுருக்கத்தைப் படிக்கும் இடத்தில்.

2022 ஜூலையில் ஆர்எஃப்சி 9267 வந்தது. டிஎன்எஸ் பதிவுகளைப் படிக்கும்போது நிரலாளர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளின் தொகுப்பு. சுட்டி தன்னையே சுட்டினால் என்ன ஆகும், எப்படிச் சோதிக்கணும் என்று அதில் விளக்கமாக எழுதியிருக்கிறது. விதி வந்து 35 ஆண்டுகள். டிசிபிடம்பிலும் எத்திரியலிலும் பிழை பதிவாகி 22 ஆண்டுகள்.

இது எனக்குக் கொஞ்சம் மனச்சோர்வைத் தந்தது, மறைக்க விரும்பவில்லை. 2000-இல் அந்தப் பிழையைச் சரிசெய்தவர்கள் தங்கள் கோப்பில் சில வரிகள் சேர்த்துவிட்டு நகர்ந்தார்கள். அந்த அறிவு அந்தக் கோப்பிலேயே தங்கிவிட்டது. வேறு ஊரில் வேறு நிறுவனத்தில் புதிதாக டிஎன்எஸ் படிப்பானை எழுத உட்கார்ந்த ஒருவர் 1987 ஆவணத்தைத்தான் திறந்திருப்பார், சிவிஇ பட்டியலை இல்லை. ஆவணத்தில் சுருக்க முறை அழகாக விளக்கப்பட்டிருந்தது, எச்சரிக்கை இல்லை. பிழை ஒவ்வொரு வீட்டிலும் புதிதாகப் பிறந்தது.

அதனால் என் பழக்கத்தில் இரண்டை மாற்றிக்கொண்டேன். நம்பிக்கையில்லாத நெட்வொர்க்கில் ஏதாவது பார்க்க வேண்டியிருந்தால் நேரலையாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. முதலில் கோப்பில் பதிவு, பிறகு வேறொரு கணினியில், சாதாரண பயனராக, அந்தக் கோப்பைத் திறப்பது. நடுவில் வயர்ஷார்க் உறைந்து நின்றால் முன்பெல்லாம் அதைச் சபித்துக்கொண்டே மூடிவிட்டுத் திரும்பத் திறப்பேன். இப்போது அப்படி நின்றால், எந்த பாக்கெட்டில் நின்றது என்று முதலில் பார்க்கிறேன்.

அந்த 18 பைட் எழுதிய காகிதம் இன்னும் மேசையில்தான் கிடக்கிறது. 12-ஆம் இடத்தில் 192, அதுக்கடுத்து 12. பக்கத்திலேயே பென்சிலால் "யார் சொன்னது?" என்று எழுதி வைத்திருக்கிறேன். நிரலில் நீளத்தையோ இடத்தையோ பாக்கெட்டிலிருந்து எடுத்துப் பயன்படுத்தும் ஒவ்வொரு வரியிலும் கேட்க வேண்டிய கேள்வி அது.